தட்டோசைக்குத் திரும்பினாற் போதுமா?

ஹட்டன், நுவரெலியா லயங்களிலே, குழந்தைக்குக் காது கேட்கின்றதா என்றறிய நம் தாய்மார் கையாளும் முறையொன்று உண்டு. பின்னால் நின்று தட்டைத் தட்டுவார்கள். குழந்தை திரும்பினால், "கேட்கிறது, பயமில்லை" என்று பாட்டி தீர்ப்புக் கூறிவிடுவாள். ஆனால், நிழலைக் கண்டும் குழந்தை திரும்பலாமன்றோ? பேரோசை மட்டும் கேட்டு, தாயின் மென்மொழி கேளாத குழந்தையும் திரும்பும்.

குறைமாதத்திற் பிறந்து, கண்ணாடிப் பெட்டியிலே கிடந்து, மூச்சுக்கருவியின் துணையாற் பிழைத்த குழந்தையின் நிலை இன்னும் நுட்பமானது. இதயம், நுரையீரல், எடை என்ற கவலைகளுக்குப் பின்னரே செவி நினைவுக்கு வருகின்றது. "உயிர் தப்பியதே போதும்" என்று நாம் ஆறுதல் கொள்வதும் இயல்பே. ஆயினும், கடுமையான மஞ்சட்காமாலையும் மூளைக்காய்ச்சலும், உயிர்காக்கக் கொடுக்கும் ஜென்டாமைசின் போன்ற மருந்துகளுங்கூடச் செவிப்புலனைத் தாக்கவல்லன.

இதனைக் கண்டறியப் பரிசோதனைகள் இரண்டு உள. ஒன்று, காதிற் சிறு குமிழைப் பொருத்தி, உட்செவி எழுப்பும் எதிரொலியைப் பதிவது. இவ்வெதிரொலியை 1978இல் இலண்டனில் டேவிட் கெம்ப் கண்டறிந்தார். மற்றது, தூங்கும் குழந்தையின் தலையிற் சிறு கம்பிகளை ஒட்டி, ஒலி நரம்பு வழியே மூளைத்தண்டை அடைகின்றதா என்று பார்ப்பது. இரண்டிலும் வலியில்லை. காமாலை நரம்பைத் தாக்கியிருப்பின், உட்செவி எதிரொலிக்கும். ஒலியோ மூளைக்குச் செவ்வையாகச் செல்லாது. முதற் பரிசோதனையில் தேறிய குழந்தையும் கேளாதிருப்பது இதனாலேயே. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாட்களுக்கு மேல் இருந்த குழந்தைக்கு இரண்டாவது பரிசோதனை வேண்டுமென நிபுணர் வற்புறுத்துவதும் இதுபற்றியே.

முதல் மாதத்திற் பரிசோதனை, மூன்றாம் மாதத்துள் முடிவு, ஆறாம் மாதத்துள் உதவி என்பது அவர்கள் வகுத்த கணக்கு. ஆறு மாதத்திற்குள் குறை அறியப்பட்ட குழந்தைகள் மொழியில் முன்னேறி நின்றதை, அமெரிக்காவின் கொலராடோவில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

மலையிறங்கிப் பெரிய வைத்தியசாலைக்குச் சென்றால் அன்றைய 'பேர்' போய்விடும். பஸ் செலவும் உண்டு. கொழுந்தெடுக்கும் தாய்க்கு இது சிறிய இழப்பன்று. ஆனால், நாட்கூலியை மறுநாளும் ஈட்டலாம். மொழி மலரும் மாதங்கள் மீளா.

எம் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டிலே அத்தகைய தம்பியோ தங்கையோ இருந்தால், நோய் நிர்ணய அட்டையை எடுத்து வாசியுங்கள். அது ஆங்கிலத்தில் இருப்பின், அம்மாவுக்கு விளக்கிச் சொல்லுங்கள். "மூளைத்தண்டுச் செவிப் பரிசோதனை செய்தாயிற்றா?" என்று அடுத்த கிளினிக்கிற் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கற்ற கல்வி முதலில் உங்கள் லயத்துக் காம்பராவிற்குப் பயன்படட்டும்.