வெளியில் நிற்கும் பணம் ஓய்வூதியம் ஆகுமா?

உத்தியோகஸ்தருக்கு ஓய்வு பெறும் நாள் ஒன்று உண்டு. வியாபாரிக்கு அது கிடையாது. கால் நடக்கும்வரை கடைதான். அதன் பிறகு மாதச் செலவுக்கு என்ன வழி என்று நம்மில் பலர் யோசிப்பதில்லை.

பழவேற்காட்டில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் எங்களுடைய முதல் பெரும்பாலும் வங்கியில் இல்லை. படகுக்கும் வலைக்கும் முன்பணமாக மீனவரிடம் நிற்கிறது. அவர் பிடிக்கும் இறாலையும் நண்டையும் எங்களுக்கே போடுவார்; கொள்முதல் விலையில் கிடைக்கும் சலுகையே எங்கள் ஆதாயம். உடம்பில் தெம்பு உள்ளவரை இது நல்ல முதலீடுதான். ஆனால் விடியற்காலையில் நாமே கரையில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சரக்கு வேறு கைக்குப் போய்விடும்.

தொழிலும் ஒரே சீராக இராது. முகத்துவாரம் மணல் மூடினால் ஏரியில் மீன்வரத்து குறையும். பாடு முறை உள்ள குப்பங்களில் முறை வந்தவரே குறித்த இடத்தில் வலை கட்டலாம். புயல் எச்சரிக்கை என்றாலும், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள் என்றாலும் கடலுக்குப் போக முடியாது. அன்றெல்லாம் அவருக்கு வருமானமில்லை, நமக்கு வசூலில்லை. மருந்துக் கடைக்காரர் இதற்காகக் காத்திருப்பாரா? பேரேட்டில் ஐந்து லட்சம் நிலுவை இருப்பது வேறு, மாதாமாதம் பணம் கைக்கு வருவது வேறு.

வசூலான பணத்தைக் குறிவைத்து வருகிறவர்களும் உண்டு. தேக்கு வளர்த்துத் தருவதாகப் பணம் திரட்டிய அனுபவ் பிளாண்டேஷன்ஸ் 1998-ல் முடங்கியது. மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி ஆருத்ரா நிறுவனம் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்தது என்பது போலீசார் தொடுத்துள்ள வழக்கு. அது 2022-ல் பதிவானது. முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சொத்தை ஜப்தி செய்து, விற்று, பங்கு பிரிக்கும்வரை முதியவர் எதைச் சாப்பிடுவார்? எந்தச் சரக்கில் மாதம் நூற்றுக்கு முப்பது நிற்கும் என்பது வியாபாரிகளான நமக்குத் தெரியாதா?

எனவே நாம் சொல்வது இதுதான். ஐம்பத்தைந்து வயதுக்குமேல் புதிய முன்பணம் கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பழைய நிலுவை வரவர அதைத் தனியே சேர்த்து வையுங்கள். சீட்டில் சேர்ப்பதானால், 1982-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டா என்று பதிவு எண்ணைக் கேட்டுச் சேருங்கள். 2021 திருத்தத்தின்படி சீட்டு நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அறுபது வயதானதும் சேர்ந்த தொகையைத் தபால் அலுவலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 2023 முதல் அதன் உச்சவரம்பு 30 லட்சம். 8.2 சதவீத வட்டியில் 10 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கொருமுறை 20,500 ரூபாய் வரும்.

மிச்சத்தை மகனோ கூட்டாளியோ நடத்தும் தொழிலில் விடலாம். ஆனால் நம் பங்கு இவ்வளவு, மாதம் தருவது இவ்வளவு என்று எழுத்தில் இருக்க வேண்டும். சொந்தப் பிள்ளையிடம் பத்திரமா என்று கூச்சப்பட வேண்டாம்; பின்னால் மனஸ்தாபம் வராமல் காப்பது அந்தப் பத்திரமே.

சங்க உறுப்பினர்கள் இந்த ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது, வெளியில் நிற்கும் தொகை எவ்வளவு, நாம் கடைக்குப் போகாவிட்டாலும் வரக்கூடியது எவ்வளவு என்று இரண்டு பத்தியாக எழுதிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.