நாய்க்கும் நடக்கும் உரிமை உண்டு

மயிலாப்பூர் மாட வீதிகள், தி. நகர் நடேசன் பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்கள், அடையாறு காந்தி நகர், பெசன்ட் நகர் கடற்கரை என்று எங்கே பார்த்தாலும் விடிந்தும் விடியாமலும் நாயோடு நடக்கிறவர்கள் கண்ணில் படுகிறார்கள். கயிற்றைப் பிடித்து வருபவர் வீட்டுக்காரராக இருக்கலாம். டிரைவராகவோ வீட்டு வேலைக்கு வரும் அம்மாவாகவோ இருக்கலாம். யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் அந்த நாய்க்கும் எதிரே வருகிறவருக்கும் பொறுப்பாளி அவர்தான். அவருடைய உரிமைகள் என்ன, ஆபத்துகள் என்ன, ஏதாவது நடந்துவிட்டால் எங்கே போவது என்பது பலருக்குத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நாயை நடக்கக் கூட்டிப் போவது வளர்ப்பவரின் விருப்பம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அவருடைய கடமை. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் அலட்சியம் காட்டுவதையும் வதை என்றே சொல்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். தொகை இன்றைக்குச் சல்லிக்காசு ஆகிவிட்டது. கடமை அப்படியே இருக்கிறது.

இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் அடையாற்றோடும் திருவான்மியூரோடும் பிரிக்க முடியாத பெயர்: கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக அரசே 1960-இல் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டப்படி அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியம் பல ஆண்டுகள் சென்னையிலிருந்துதான் இயங்கியது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய் வளர்க்கவே கூடாது என்று சங்கம் தீர்மானம் போட முடியாது என்பது அந்த வாரியத்தின் வழிகாட்டுதல். லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று தடுப்பதும், நாய் இருப்பதற்காகத் தனிக் கட்டணம் கேட்பதும் தவறு. ஆனால் பொது இடத்தில் கயிற்றோடு கொண்டுபோவது, கழிவை அள்ளுவது, பிள்ளைகள் விளையாடும் நேரத்தைத் தவிர்ப்பது போன்றவற்றைச் சங்கம் கேட்டால் அது நியாயமே. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயமில்லாமல் படியிறங்கும் உரிமை இருக்கிறது. இரண்டு உரிமைகளும் ஒரே மாடிப்படியில் சந்திக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

சென்னையில் இப்போதைய விதிகள்

2024 மே மாதம் ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் தாக்கி ஒருவர் உயிரிழந்தார். இரண்டிலும் தாக்கியவை வளர்ப்பு நாய்கள். இதன் பிறகு மாநகராட்சி பிடியை இறுக்கியது. வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் உரிமம் எடுக்க வேண்டும். கட்டணம் 50 ரூபாய். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று வேண்டும். நாய்க்கு மைக்ரோசிப் பொருத்த வேண்டும். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். கயிறும் வாய்மூடியும் இல்லாமல் பொது இடத்துக்கு நாயைக் கொண்டுவரக் கூடாது. 2025 டிசம்பரில் பிட்புல், ராட்வீலர் இனங்களுக்குப் புதிதாக உரிமம் தருவதையும் மாநகராட்சி நிறுத்திவிட்டது.

வாய்மூடி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி வாய்மூடி சென்னை வெயிலுக்கு ஆகவே ஆகாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதனால் கூடை மாதிரி பின்னிய வாய்மூடியே சரி. அதைப் போட்டிருக்கும்போதே நாயால் இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும்.

வெயிலும் மழையும்

ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணிக்கே தார்ச் சாலை கொதிக்கத் தொடங்கிவிடும். புறங்கையைச் சாலையில் வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் வெந்துபோகும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் சைபீரியன் ஹஸ்கி போன்ற அடர்ந்த ரோம நாய்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். விடாமல் இரைத்து, எச்சில் வழிந்து, ஈறு ரத்தச் சிவப்பாகி, நாய் தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வயிற்றிலும் கால்களிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் விரையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். நாயிடமிருந்து மனிதருக்கும் அது தொற்றும். இதற்கு நாய்க்குத் தடுப்பூசி உண்டு. அதைவிட உடனடி ஆபத்து மின்சாரம். ஆண் நாய் காலைத் தூக்கப் போவது விளக்குக் கம்பத்திலோ மின்வாரியப் பெட்டியிலோதான். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் அதற்கு, செருப்புப் போட்ட நமக்கு முன்னால் மின்கசிவு தாக்கிவிடும். கம்பத்தின் அருகே நாய் திடீரென அலறி விழுந்தால் ஓடிப் போய்த் தொடாதீர்கள். விலகி நின்று மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குச் சொல்லுங்கள். மற்றவர்களையும் கிட்டே விடாதீர்கள்.

தெருநாய்களின் எல்லை

மாட வீதியில் நிறுத்திய காருக்கு அடியிலும் பூக்கடைப் பலகைக்குக் கீழேயும் படுத்திருக்கும் நாய்களுக்கு அந்தத் தெருதான் வீடு. கயிற்றோடு வரும் புது நாய் அவற்றுக்கு அத்துமீறல். ஒன்று எழுந்து குரைத்தால் நான்கு கூடிவிடும். அந்த நேரத்தில் ஓடக் கூடாது, கல்லைத் தேடிக் குனியவும் கூடாது. கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, நாயை உங்கள் மறுபுறத்துக்கு மாற்றி, வந்த வழியே நிதானமாகத் திரும்புங்கள். காது நுனியில் சிறு வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம். தெருநாயை அடிப்பதோ விஷம் வைப்பதோ தீர்வல்ல. விலங்கைக் கொல்வதற்கும் ஊனமாக்குவதற்கும் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆவது பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை உண்டு. தொல்லை இருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் தந்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் ஆமைக் காலம்

இங்கிலாந்தில் குன்றுகளிலும் புல்வெளிகளிலும் நாயோடு நடப்பது பெரிய வழக்கம். அங்கேயும் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட மேட்டு நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மேல் போகாத கயிற்றில்தான் பிடித்திருக்க வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக அந்த ஏற்பாடு. ஆடு மாடு மேயும் இடத்தில் ஆண்டு முழுவதும் அப்படித்தான்.

நமக்கும் அப்படி ஒரு காலம் உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. அவிழ்த்துவிட்ட நாய் முட்டைக் குழியைத் தோண்டிவிடும். கடலை நோக்கிப் போகும் குஞ்சையும் கவ்விவிடும். பங்குனி ஆமை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். அந்த மாதங்களில் இரவிலும் விடியலிலும் நாயை மணலில் அவிழ்த்துவிடாதீர்கள்.

கடித்துவிட்டால்

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும் முதல் மருந்து சோப்பும் தண்ணீரும்தான். ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அன்றே ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போங்கள், ஊசி இலவசம். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்திலேயே இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக நடக்காத காரியம். அறிகுறிக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டால் பயமில்லை. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் நாய் பிறரைக் கடித்துவிட்டால் நழுவிப் போகாதீர்கள். காயத்தைக் கழுவ உதவுங்கள், மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், நாயின் தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள். நாயை அலட்சியமாக வைத்திருந்து பிறருக்கு ஆபத்து விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடிபட்டவர் காவல் நிலையத்தில் புகார் தரலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடும் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி பெறலாம். உங்கள் நாயைத் தெருநாய் கடித்திருந்தால், ஆண்டு ஊசி போட்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். தி. நகர் கண்ணம்மாப்பேட்டையிலும் நுங்கம்பாக்கத்திலும் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. பெரிய சிகிச்சைக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு.

கடைசியாக, சம்பளத்துக்கு நாயைக் கூட்டிப் போகிறவர்களைப் பற்றி. கடிபடும் வாய்ப்பு அவர்களுக்கே அதிகம். அவர்களுக்கு முன்கூட்டிய வெறிநாய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். ஒருவர் கையில் ஒரே நேரத்தில் மூன்று நாய்களைத் திணிக்காதீர்கள். கடிபட்டால் மருத்துவச் செலவும் விடுப்புச் சம்பளமும் வீட்டுக்காரர் பொறுப்பு என்பதை வேலைக்குச் சேரும் அன்றே சொல்லிவிடுங்கள். நாயின் உரிமையை மதிக்கிற வீடு, அதன் கயிற்றைப் பிடிக்கிற மனிதரின் பாதுகாப்பையும் மதிக்க வேண்டும்.