ஒரே அறை, இரண்டு முடிவுகள்: சிறைக் கதைகளில் நட்பும் நம்பிக்கையும்

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்றைக்குப் பேசப்போவது சிறைக் கதைகள். ஆனால் ஆரம்பிக்கப்போவது ஒரு ஐடி கம்பெனி லே-ஆஃபில் இருந்து. கொஞ்சம் பொறுமையாக வாங்க, சம்பந்தம் இருக்கு.

என் காலேஜ் ரூம்மேட்டுக்குப் போன வருடம் வேலை போய்விட்டது. முதல் மாதம் நாங்கள் எல்லாரும் மாறி மாறி போன் பண்ணினோம். "கவலைப்படாதடா, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று வழக்கமான வசனங்கள். மூன்றாவது மாதம் அவன் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டான். நேரில் போய்க் கதவைத் தட்டினேன். அவன் சொன்னது இது: "மச்சி, தயவுசெஞ்சு எனக்கு நம்பிக்கை குடுக்காத. ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் நம்பிப் போய், இல்லேன்னு மெயில் வரும்போது விழுற அடி இருக்கே, அது வேலை போனதைவிடப் பெருசா இருக்கு."

எனக்குப் பதில் தெரியவில்லை. பைக்கில் திரும்பி வரும்போதுதான் ஞாபகம் வந்தது, கிட்டத்தட்ட இதையே ஒரு சினிமாக் கைதி சொல்லிக் கேட்டிருக்கிறேன். 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' படத்தில் வரும் ரெட். வேலை போவதும் ஜெயிலும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி ஒன்றுதான்: நம்பிக்கை மனுஷனைக் காப்பாற்றுமா, உடைக்குமா?

ஸ்பாய்லர் எச்சரிக்கை: மூன்று படங்களின் முடிவையும் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

ரெட்டுக்கு ஏன் பயம்?

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. ஆண்டி டூஃப்ரேன் ஒரு வங்கி அதிகாரி. மனைவியையும் அவள் காதலனையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, இரட்டை ஆயுள் தண்டனையோடு 1947-இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் உள்ள ஷாஷாங்க் சிறைக்கு வருகிறான். (ஆண்டி என்றால் நம்ம ஊரில் வேறு அர்த்தம். எல்லாவற்றையும் இழந்து வந்து நிற்கிறவனுக்கு அதுவும் பொருத்தம்தான்.) அங்கே ஏற்கெனவே 20 வருடம் கழித்துவிட்ட ரெட், வெளியிலிருந்து எதை வேண்டுமானாலும் வரவழைத்துத் தருகிற ஆள். கதை முழுக்க ரெட்டின் குரலில்தான் போகிறது.

ஒருநாள் ஆண்டி சிறையின் ஒலிபெருக்கியில் மோட்சார்ட்டின் ஓபரா பாட்டைப் போட்டுவிட்டு, அதற்காக இரண்டு வாரம் தனிமைச் சிறையில் இருந்துவிட்டு வருகிறான். சாப்பாட்டு மேசையில், யாராலும் பிடுங்க முடியாத ஒன்று நமக்குள்ளே இருக்கு, அதுதான் நம்பிக்கை என்கிறான். ரெட்டுக்குக் கோபம் வருகிறது. நம்பிக்கை ஆபத்தானது, இந்த இடத்தில் அது ஒருத்தனைப் பைத்தியமாக்கிவிடும் என்பது அவன் கட்சி.

காலேஜில் முதல்முறை பார்த்தபோது ரெட் நெகட்டிவா பேசுறான் என்றுதான் நினைத்தேன். இப்போது பார்த்தால் அவன் பேச்சில் முழு நியாயம் இருக்கு. அவன் பரோல் போர்டு முன்னால் போய் உட்கார்ந்து, நான் திருந்திட்டேன் என்று சொல்லி, நிராகரிப்பு முத்திரை வாங்கித் திரும்பியவன். எதிர்பார்ப்பு அதிகமானால் வலியும் அதிகம். வலியைக் குறைக்க எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டான். என் நண்பன் செய்ததும் அதுதான்.

ஆண்டி என்ன கொடுத்தான்?

ஆண்டி ரெட்டை வாதத்தில் ஜெயிக்கவே இல்லை. அந்த மேசையில் பேச்சு அப்படியே அறுந்துபோகிறது. அவன் கடைசிவரை "நம்பு நம்பு" என்று லெக்சர் எடுப்பதும் இல்லை. சின்னச் சின்னதாக எதையாவது செய்கிறான்.

கூரையில் தார் பூசும் வேலை நடக்கும்போது, ஒரு காவல் அதிகாரிக்கு வந்த சொத்துக்கு வரி இல்லாமல் வழி காட்டுகிறான். அதற்குக் கூலியாக உடன் வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று பீர் கேட்கிறான். அவன் குடிக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்துச் சிரிக்கிறான். சிறை நூலகத்துக்குப் பணம் கேட்டு வாரம் ஒரு கடிதம் என்று 6 வருடம் எழுதுகிறான். 200 டாலரும் பழைய புத்தகங்களும் இசைத்தட்டுகளும் வருகின்றன. இனிமேல் தொல்லை பண்ணாதே என்று அர்த்தம். அவன் அடுத்து வாரம் இரண்டு கடிதம் எழுத ஆரம்பிக்கிறான்.

ரெட்டுக்குப் பரோல் மறுபடியும் மறுக்கப்பட்டதும் ஆண்டி ஒரு மவுத் ஆர்கன் பரிசளிக்கிறான். ரெட் அப்போதே வாசிப்பதில்லை. ராத்திரி செல்லில் தனியாக இருக்கும்போது மெதுவாக ஒரே ஒரு முறை ஊதிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறான். அவ்வளவுதான் காட்சி. ஆனால் வாதத்தில் மசியாதவன் அங்கே ஒரு அங்குலம் நகர்கிறான்.

ஒரே அறை, ஒரே வேலை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். புரூக்ஸ் என்ற வயதான நூலகர் 50 வருடம் உள்ளே இருந்துவிட்டு விடுதலையாகிறார். வெளியே அரசாங்கம் ஒரு அறை கொடுக்கிறது, மளிகைக் கடையில் பை போடுகிற வேலை கொடுக்கிறது. சாப்பாடு, கூரை, சுதந்திரம் எல்லாம் இருக்கு. அவருக்காகக் காத்திருக்கிற ஆள் மட்டும் இல்லை. தான் இங்கே இருந்ததாக உத்தரத்தில் செதுக்கிவிட்டுத் தூக்கு மாட்டிக்கொள்கிறார்.

பல வருடம் கழித்து ரெட்டுக்கும் பரோல் கிடைக்கிறது. அதே அறை. அதே மாதிரி மளிகைக் கடை வேலை. புரூக்ஸ் செதுக்கிய அதே உத்தரம் தலைக்கு மேலே. ஒரு அடகுக் கடைக் கண்ணாடிக்குள் துப்பாக்கிகளும் திசைகாட்டியும் இருப்பதை நின்று பார்க்கிறான். எதை வாங்கப்போகிறான் என்று நமக்குத் திக்கென்று இருக்கும். திசைகாட்டியை வாங்குகிறான்.

ஏன்? எஞ்சினியர் புத்தியோடு பார்த்தால் இது கிட்டத்தட்ட ஒரு கன்ட்ரோல்டு எக்ஸ்பெரிமென்ட். அறை ஒன்று, வேலை ஒன்று, பயமும் ஒன்று. மாறுகிற விஷயம் ஒன்றே ஒன்று. தப்பிப்பதற்கு முன்னால் ஆண்டி ரெட்டிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தான்: வெளியே வந்தால் பக்ஸ்டன் என்ற ஊருக்குப் போ, ஒரு ஓக் மரத்தடியில் கல் சுவர் இருக்கும், அதில் பொருந்தாத ஒரு கறுப்புக் கல் இருக்கும், அதன் கீழே உனக்கு ஒன்று வைத்திருக்கிறேன். ரெட்டுக்கு அப்போதும் எதிர்காலத்தின் மேல் நம்பிக்கை வந்துவிடவில்லை. நண்பனிடம் சொன்ன சொல் ஒன்று பாக்கி இருக்கு, அதற்காகத்தான் பஸ் ஏறுகிறான்.

இதுதான் இந்த எபிசோடில் நான் சொல்ல வருவது. இந்தக் கதைகளில் நம்பிக்கை என்பது "நல்லது நடக்கும்" என்கிற நினைப்பு இல்லை. அதற்கு ஒரு முகவரி இருக்கு. எங்கேயோ ஒருத்தன் எனக்காக ஒன்று வைத்திருக்கிறான், நான் போகவில்லையென்றால் அவன் ஏமாந்துவிடுவான். புரூக்ஸிடம் அந்த முகவரி இல்லை.

புத்தகத்தில் இருந்ததும் இல்லாததும்

இந்தப் படம் ஸ்டீபன் கிங்கின் குறுநாவல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. 1982-இல் வந்த 'டிஃபரன்ட் சீசன்ஸ்' தொகுப்பின் முதல் கதை. புத்தகத்தில் புரூக்ஸ் சில பத்திகளில் வந்து போகிறவர், முதியோர் விடுதி ஒன்றில் இறந்துவிடுகிறார். ரெட் தங்கும் அறையில் அவர் முன்பு தங்கியதாகவும், அவர் தூக்கில் தொங்கியதாகவும் காட்டியது இயக்குநர் ஃப்ராங்க் டாராபான்ட் சேர்த்தது. ஒலிபெருக்கியில் மோட்சார்ட் வருவதும் படத்தில்தான். அந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்ததால்தான் வித்தியாசம் நமக்கு உறைக்கிறது.

முடிவிலும் ஒரு மாற்றம். கிங்கின் கதை, ரெட் நண்பனைத் தேடிப் புறப்படுவதோடு முடிகிறது. சந்தித்தானா இல்லையா, தெரியாது. டாராபான்ட்டும் அப்படியே பஸ்ஸில் முடிக்கத்தான் நினைத்திருந்தார். தயாரிப்பு நிறுவனம் கேட்டுக்கொண்டதால் கடற்கரையில் இருவரும் சந்திக்கும் காட்சி எடுக்கப்பட்டது. எனக்குப் பிடித்தது புத்தக முடிவுதான். ஆனால் இரண்டரை மணி நேரம் அந்தச் சுவர்களுக்குள் இருந்துவிட்டு அந்தக் கடலைப் பார்க்கும்போது தொண்டை அடைக்காது என்று பொய் சொல்ல மாட்டேன்.

1994-இல் வந்தபோது படம் ஓடவில்லை. 2.5 கோடி டாலர் செலவு, அமெரிக்காவில் முதல் சுற்றில் சுமார் 1.6 கோடி டாலர் வசூல். 7 ஆஸ்கர் பரிந்துரைகள், ஒரு விருதுகூட இல்லை. வீடியோ கேசட்டிலும் டிவியிலும் ஆள் ஆளாகச் சொல்லித்தான் வளர்ந்தது.

கொல்வதா, நம்புவதா?

இதெல்லாம் ஹாலிவுட் சர்க்கரை என்று சிலர் சொல்வீர்கள். சரி, சர்க்கரையே போடாத ஒரு படம் பார்ப்போம். ராபர்ட் ப்ரெஸ்ஸோன் 1956-இல் எடுத்த பிரெஞ்சுப் படம், 'எ மேன் எஸ்கேப்டு'. இரண்டாம் உலகப் போரில், 1943-இல் ஜெர்மானியர்களிடம் இருந்த லியோன் நகரத்து மோன்லுக் சிறையிலிருந்து ஆந்த்ரே தெவிஞி என்பவர் நிஜமாகத் தப்பித்த கதை. தப்பித்துவிடுவான் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. அப்படியும் நகம் கடிக்க வைக்கும்.

கதாநாயகன் ஃபோந்தேன் ஒரு ஸ்பூனைத் தேய்த்து உளியாக்கி, நாள்கணக்கில் மரக்கதவைச் சுரண்டுகிறான். அவனுக்கு முன்பே அவசரப்பட்டுத் தப்பிக்கப் பார்த்த ஓர்சினி பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்படுகிறான். சாவதற்கு முன், சுவர் ஏற இரும்புக் கொக்கிகள் வேண்டும் என்ற தகவலை ஃபோந்தேனிடம் சேர்த்துவிடுகிறான். அவன் தோல்விதான் இவனுக்கு வழி. பக்கத்து செல்லில் எல்லாம் வீண் என்று உட்கார்ந்திருந்த கிழவர், கயிறு திரிக்கத் தன் போர்வையைக் கொடுக்கிறார்.

எல்லாம் தயாரான நேரத்தில் செல்லுக்குள் ஜோஸ்ட் என்ற சிறுவனைக் கொண்டுவந்து தள்ளுகிறார்கள். அவன் போட்டிருப்பது பாதி ஜெர்மன் சீருடை. உளவாளியாக இருக்கலாம். ஃபோந்தேனுக்கு இரண்டே வழி: அவனைக் கொல்ல வேண்டும், இல்லையென்றால் திட்டத்தைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆதாரம் எதுவும் இல்லாமல் நம்புகிறான். கடைசியில் ஒரு சுவர் வருகிறது. தனியாக வந்திருந்தால் அதை ஏறியிருக்கவே முடியாது என்று அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது. இந்தப் படத்திலும் மோட்சார்ட் இசைதான்.

நம்பியும் தோற்றால்?

ழாக் பெக்கரின் 'லே த்ரூ', 1960. இதுவும் நடந்த கதை. 1947-இல் பாரிஸின் லா சாந்தே சிறையில் தப்பிக்க முயன்றவர்களில் ஒருவரே இதில் நடித்திருக்கிறார். ஒரே செல்லில் நான்கு பேர் தரையை உடைத்துச் சுரங்கம் தோண்டத் திட்டமிடுகிறார்கள். காஸ்பார் என்ற ஐந்தாவது ஆள் வந்து சேர்கிறான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, நம்பிச் சொல்லிவிடுகிறார்கள்.

சுரங்கம் முடிந்த ராத்திரி, மனு என்பவனும் காஸ்பாரும் சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்க்கிறார்கள். வெளியே தெரு. ஒரு டாக்ஸி போகிறது. அப்போதே ஓடியிருக்கலாம். மற்றவர்களுக்காகத் திரும்பி வந்து அதே செல்லுக்குள் இறங்குகிறார்கள். சிறைப் படங்களில் நட்புக்கு இதைவிடப் பெரிய காட்சி நான் பார்த்ததில்லை.

மறுநாள் சிறை அதிகாரி காஸ்பாரைக் கூப்பிட்டு, உன் மனைவி புகாரை வாபஸ் வாங்கிவிட்டாள் என்கிறார். நீ மட்டும் சீக்கிரம் போய்விடலாம். ஐந்து பேருக்குப் பொதுவாக இருந்த நம்பிக்கை, அந்த நிமிடம் அவனுக்குத் தனிச் சொத்தாகிவிடுகிறது. காட்டிக்கொடுக்கிறான். எல்லாரும் பிடிபடுகிறார்கள். நம்பிய நால்வரும் முட்டாள்களா? படம் அப்படிச் சொல்லவில்லை. காட்டிக்கொடுத்தவனைப் பார்த்து அவர்களில் ஒருவன் பரிதாபப்படுகிறான். காஸ்பாரும் வெளியே போகவில்லை. வேறொரு செல்லில், தனியாக.

சரி, நண்பன் என்ன ஆனான்?

அன்றைக்கு ராத்திரி யோசித்தபோது ஒன்று புரிந்தது. நாங்கள் அவனுக்குக் கொடுத்தது மோட்டிவேஷன். அவன் பேரில் ஒரு முகவரி வைக்கவில்லை. அடுத்த நாள் மெசேஜ் போட்டேன்: "சனிக்கிழமை காலை 7 மணி, நம்ம பழைய டீக்கடை. வேலை பத்திப் பேச மாட்டேன். வந்தாலும் வராட்டியும் நான் அங்க நிப்பேன்."

முதல் மூன்று வாரம் வரவில்லை. நான் தனியாக டீ குடித்துவிட்டு வந்தேன். நான்காவது வாரம் தலை சீவாமல் வந்து நின்றான். "நீ பாட்டுக்கு நிக்கிறியே, அதான் வந்தேன்" என்றான்.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். மொத்தம் 11 மாதம் ஆனது. டீயால் கிடைக்கவில்லை, அவன் உழைப்பால் கிடைத்தது. ஆனால் அந்த இடைவெளியில் வாரத்தில் ஒரு நாள் அவன் வீட்டை விட்டு இறங்கி வந்தான்.

உங்கள் போனிலும் எடுக்காத கால் ஒன்று இருக்கும். அடுத்த முறை "எல்லாம் சரியாயிடும்" என்று அனுப்பாமல், ஒரு இடமும் நேரமும் அனுப்பிப் பாருங்கள். நீங்கள் போய் நில்லுங்கள்.