அரக்கன் முன்னே ஒரு குடுமி

இலங்கையில் போர் மூண்டுவிட்டது. கும்பகர்ணனை எழுப்பியாக வேண்டும். தோல்பாவைக்கூத்துத் திரை நிறையப் படுத்திருக்கிறான் அந்த மலைபோன்ற அரக்கன். பார்ப்பவர்கள் மூச்சை அடக்கிக் காத்திருக்கும் இப்படிப்பட்ட கட்டத்தில்தான் திரையோரமாக ஒரு குடுமி எட்டிப் பார்க்கும். உச்சிக்குடும்பன் வந்துவிட்டான். பின்னாலேயே உளுவத்தலையன். இருவரும் இராமாயணத்தில் இல்லாத கோமாளிகள். ஆனாலும் அரிசி விலையிலிருந்து அடுத்த வீட்டுச் சண்டைவரை அவர்கள் அளக்கிற கதைக்குத்தான் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

பொம்மலாட்டம் என்றாலே பள்ளிக்கூட விழாவும் பிள்ளைகளின் கைதட்டலும்தான் இன்று நம் நினைவுக்கு வருகின்றன. நம் தோல்பாவைக்கூத்தோ இரவில், உழைத்துக் களைத்த பெரியவர்களுக்காக நடந்த கலை. அதன் நகைச்சுவையில் பச்சையான பேச்சும் உண்டு, ஊர்ப் பெரிய மனிதர்களை இழுத்துவைத்துக் கேட்கும் துணிச்சலும் உண்டு. அரக்கர்கள் உலவும் திரையில் வளர்ந்தவர்களுக்கான சிரிப்பு அது.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் நின்றால் இந்தக் கலையின் மூன்று கிளைகள் சுற்றிலும் இருப்பது தெரியும். கிழக்கே எல்லை தாண்டினால் ஆந்திரத்தின் தோலு பொம்மலாட்டம். அங்கே பங்காரக்காவும் ஜுட்டுப் போலிகாடும் புருஷன் பெண்டாட்டியாக மல்லுக்கட்டுவார்கள். ஜுட்டு என்றாலும் குடுமிதான். வடமேற்கே கன்னட நாட்டின் தொகலு கொம்பெயாட்டா. அதில் கோமாளி கிள்ளேக்யாதன். அவன் பெயரே ஆட்டுவிக்கும் சமூகத்துக்கும் பெயராகிவிட்டது. தெற்கே தமிழ்நாட்டில் நம் உச்சிக்குடும்பன்.

இவர்களைப் படைத்தவர்கள் யார்? தனியொரு ஆசிரியர் இல்லை. தோலைப் பதப்படுத்தி, உளியால் துளையிட்டு, வண்ணம் தீட்டி, ஊர் ஊராகச் சுமந்து சென்ற குடும்பங்களே படைப்பாளிகள். ஆட்டுவிப்பவர் ஒருவரே அரக்கனாக உறுமுவார், சீதையாக அழுவார், கோமாளியாகக் கீச்சிடுவார். வீட்டுப் பெண்கள் திரைக்குப் பின்னாலிருந்து பாடுவார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கலையை நடத்தும் மண்டிகர்கள் வீட்டில் பேசுவது மராத்தி சார்ந்த மொழி. ஆந்திர, கன்னடக் குடும்பங்கள் பலவற்றிலும் அப்படியே. வீட்டில் ஒரு மொழி, திரையில் ஊரார் மொழி. மு. இராமசுவாமி, அ.கா. பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் ஊர்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்ததால்தான் தமிழ்க் கிளையைப் பற்றி இவ்வளவாவது நமக்குத் தெரிகிறது.

பொம்மையை வைத்துப் பெரியவர்களைச் சிரிக்கவைக்கும் மரபு வெள்ளைக்காரர்களிடமும் இருந்தது. 1662-ல் லண்டன் கோவென்ட் கார்டனில் பார்த்த பொம்மை நாடகத்தைச் சாமுவேல் பெப்பிஸ் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பஞ்ச் என்னும் கோமாளி பிரிட்டனில் தடம் பதித்ததற்கான முதல் சான்றாக அதைத்தான் சொல்கிறார்கள். பின்னாளில் பஞ்ச் சாத்தானையே தடியால் அடித்து விரட்டினான். 1975-ல் அமெரிக்காவில் ஜிம் ஹென்சன் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சிக்காக விகாரமான பூதப் பொம்மைகளைச் செய்து, பெரியவர்களுக்கென்றே குறும்பு பேசவைத்தார். கடல் கடந்தாலும் வேலை ஒன்றுதான்: பயத்தின் முகத்தைக் கையடக்கப் பொம்மையாக்கி அதைப் பார்த்துச் சிரிப்பது.

பயம் என்றால் என்னவென்று தங்கவயலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1880-ல் தங்கச் சுரங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால்வைத்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த நம் மக்கள், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்ப் பாறையை உடைத்தார்கள். பாறை வெடித்தால் மேலே வீடுகளும் அதிர்ந்தன. உடன் வேலைக்கு வந்த இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கக்காரர்களும் பாறைக்குள்ளிருந்து தட்டும் குட்டிப் பூதங்களின் கதையோடு வளர்ந்தவர்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மண்மேடுகள் மட்டும் ஊரைச் சுற்றி நிற்கின்றன.

அந்த இருட்டை இப்போது சினிமா தோண்டுகிறது. 2018-ல் கன்னட ‘கே.ஜி.எஃப்.’ அதை வன்முறையின் கோட்டையாக்கியது. 2024-ல் பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ பொன்னைக் காக்கும் ஆரத்தி என்னும் பாத்திரத்தை நம் கண்முன் நிறுத்தியது. இரண்டிலும் மிரட்டும் சக்திகள் உண்டு. அவற்றின் முன்னால் வந்து நிற்க ஒரு உச்சிக்குடும்பன்தான் இல்லை. செத்தவர்களை நினைத்து அழுத ஊருக்குச் சிரித்து ஆறவும் உரிமை உண்டு.

பாவைக்கூத்துக் கலைஞர்கள் தொலைவில் இல்லை. ஆந்திரத்தின் நிம்மலகுண்டாவைச் சேர்ந்த தளவாய் சலபதி ராவுக்கு 2020-லும், கொப்பள் மாவட்டத்தின் பீமவ்வா தொட்டபாளப்பா ஷிள்ளேக்யாதருக்கு 2025-லும் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். விருது கொடுத்தால் போதாது, திரை கட்ட இடம் கொடுக்க வேண்டும். அதற்குத் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் கன்னடம், சந்தையில் தெலுங்கு என்று வாழ்கிற ஊர் இது. வீட்டு மொழி ஒன்றாகவும் வெளி மொழி வேறாகவும் வாழ்ந்த அந்தப் பாவைக்கூத்துக் குடும்பங்களின் பாட்டை இந்த ஊரார் அறிவார்கள். ஒரு இரவு உச்சிக்குடும்பன், மறு இரவு ஜுட்டுப் போலிகாடு, மூன்றாம் இரவு கிள்ளேக்யாதன் வரட்டும். மூன்று கோமாளிகளின் பேச்சுக்கும் யாரும் பொருள் சொல்லாமலே சிரிக்கக்கூடிய கூட்டம் இந்த ஊரில் இருக்கிறது.