சாவியை அறியாத கணிப்பொறி

காரைக்காலில் ஒரு காரின் பழுதான எஞ்சின் கணிப்பொறியை நீக்கிப் புதியதைப் பொருத்தியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழல்கிறது, எஞ்சினோ ஓடவில்லை! ஏன்?

முதலில் எளியவற்றைப் பார்ப்போம். ஓய்விலுள்ள நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். அடுத்து ஃப்யூஸ்கள். பிறகு எர்த் கம்பி, இணைப்பு ஊசிகள். கடலோர உப்புக் காற்று செம்பில் களிம்பேற்றி மின்தடையைக் கூட்டிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தால் சாவியைக் கவனியுங்கள். பல கார்ச் சாவிகளின் தலைக்குள் பேட்டரியில்லாத ஒரு சில்லு உண்டு. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலால் சில்லுக்கு மின்சாரம் கிடைக்க, அது தன் இரகசிய எண்ணைத் தெரிவிக்கிறது. எண் பொருந்தினால்தான் எஞ்சின் ஓடும். திருட்டைத் தடுக்கும் இந்த ஏற்பாடு பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று.

புதிய கணிப்பொறிக்கு அந்த எண் தெரியாதே! காரின் சொந்தக்காரரையே திருடனாக எண்ணிவிடுகிறது. முகப்புப் பலகையில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு மின்னுவது இதற்கு நல்ல அறிகுறி.

பரிகாரம்? ஆய்வுக் கருவியைக் கொண்டு சாவியை அறிமுகப்படுத்த வேண்டும். அல்லது பழைய கணிப்பொறியின் நினைவகப் பதிவை நகலெடுக்க வேண்டும். ஆகவே, பழையதை அவசரப்பட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடக் கூடாது!