பக்கவண்டியும் பக்கத்துணையும்



மூன்று சக்கரங்களை ஊன்றி ஓடும் வண்டியொன்றை இருசக்கர வண்டி என்று சட்டம் சொன்னால், எண்ணத் தெரிந்த எவரும் சற்றுத் திகைப்பர். ஆயினும் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அவ்வாறுதான் சொல்லுகிறது. கழற்றத்தக்க பக்கவண்டியொன்று தனக்குரிய சக்கரத்தோடு இணைக்கப்பட்டிருப்பினும், மோட்டார் சைக்கிள் மோட்டார் சைக்கிளே என்பது அச்சட்டம் வகுத்த இலக்கணம். சட்டத்திற்கு இது போதும், ஓட்டுகிறவனுக்குப் போதாது. பக்கவண்டியைப் பூட்டிய மாத்திரத்தில் அவ்வாகனம் சைக்கிளின் குணத்தை இழந்துவிடுகிறது. காரின் குணத்தையும் அடைவதில்லை. அதற்கென்று ஒரு தனிக் குணம் வந்துவிடுகிறது. பழைய பக்கவண்டியொன்றைச் செப்பனிட்டுப் பந்தயத்தில் ஓட்ட விழைவோர் முதலில் அறிய வேண்டியது அக்குணத்தையே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வண்டி தோன்றியது. கார் வாங்க வசதியற்ற குடும்பத் தலைவர்களுக்கு இது பெரிதும் உதவியது. மனைவி பக்கவண்டியில், மூத்த பிள்ளை பின்னிருக்கையில், கைக்குழந்தை தாயின் மடியில் எனக் குடும்பமே செல்லலாம். இரண்டு உலகப் போர்களிலும் படைகள் இதனைக் கையாண்டன. இங்கிலாந்தில் 1922-இல் ஆஸ்டின் செவன் என்னும் சிறு காரும், 1959-இல் மினி காரும் வந்த பின்னர் இதன் தேவை குறைந்தது. நம் நாட்டிலோ ஸ்கூட்டரும் ஆட்டோ ரிக்‌ஷாவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பயன் குறைந்த பொருளின்மீது பற்று மிகுவது உலக இயல்பு போலும்! இன்று இதனைத் தேடிப் பிடித்துச் செப்பனிடுவோர் பலர்.

சாதாரண மோட்டார் சைக்கிள் திரும்பும்போது, திரும்பும் பக்கம் சாய்கிறது. பக்கவண்டி பூட்டியது சாய இயலாது. ஆதலின் கைப்பிடியை வலிந்து திருப்பியே அதனைத் திருப்ப வேண்டும். இருபது ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் ஓட்டிய கை தேர்ந்தவரும் இதன்மேல் ஏறிய முதல் நாள் கற்றுக்குட்டியே ஆவார். சாலையின் இடப்புறம் செல்லும் நம் நாட்டில் பக்கவண்டி இடப்புறம் பூட்டப்படுகிறது. விசையோ மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் மட்டும் பிறக்கிறது. எனவே வேகத்தைக் கூட்டினால், இழுபடும் பக்கவண்டி பின்தங்க முயன்று வாகனத்தை இடப்புறம் இழுக்கிறது. தடையை அழுத்தினால், நிலைமத்தின் காரணமாகப் பக்கவண்டி முன்னோக்கி ஓட முயன்று, வாகனத்தை வலப்புறம் திருப்பிவிடுகிறது. இடப்புறம் விரைந்து திரும்பினால் பக்கவண்டியின் சக்கரம் தரையைவிட்டு எழும்புகிறது. வலப்புறம் மிக விரைந்து திரும்பினால் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் எழும்பப் பார்க்கிறது. நான்கு செயலுக்கும் நான்கு விதமாக முரண்டு பிடிக்கும் இந்தக் குதிரையைப் பழக்கும் வேலை பட்டறையிலேயே தொடங்கிவிடுகிறது.

நம் நாட்டில் செப்பனிடக் கிடைப்பவற்றுள் பழைய என்பீல்டு புல்லட்டைக் குறிப்பிடலாம். சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் சேர்ந்து 1955-இல் என்பீல்டு இந்தியா நிறுவனத்தை நிறுவின. திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. அந்தப் புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் செல்லும் தொலைவு 90 மில்லிமீட்டர். இவ்விரண்டையும் கொண்டு கொள்ளளவைக் கணக்கிட்டால் 346 கன சென்டிமீட்டர் வரும். வீட்டில் செய்து பாருங்கள். விட்டத்தைவிட நீளம் மிகுந்த அமைப்பாதலின் மெதுவாகச் சுழலும்போதே நல்ல இழுவிசை தரும். பக்கவண்டியை இழுக்க அது ஏற்றது.

எஞ்சினைப் பற்றி நான் நீட்டிப் பேசப் போவதில்லை. துருவேறி இறுகிய பிஸ்டனைச் சம்மட்டியால் தட்டி எடுக்கலாகாது என்பதும், ஸ்பார்க் பிளக்கின் துளை வழியே மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பல நாள் ஊறவிட வேண்டும் என்பதும், சிலிண்டர் தேய்ந்திருப்பின் லேத்துப் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்த வேண்டும் என்பதும் மெக்கானிக்குகள் அனைவரும் அறிந்தவை. பக்கவண்டிக்கென்று இரண்டு மாற்றங்கள் வேண்டும். ஒன்று, சங்கிலியை ஓட்டும் முன்பல்சக்கரத்தில் ஓரிரு பற்களைக் குறைப்பது. வேகம் சற்றுக் குறைந்து இழுக்கும் வலிமை கூடும். மற்றொன்று, முன்கவையின் அமைப்பை மாற்றிச் சக்கரம் தரையைத் தொடும் இடத்தைச் சற்று முன்னே கொணர்வது. இல்லையேல் கைப்பிடியைத் திருப்பித் திருப்பித் தோள்கள் ஓய்ந்துபோகும்.

செப்பனிடுவோரின் நேர்மை வெளிப்படும் இடம் எஞ்சின் அன்று, சட்டகமே. எஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும், அவ்வளவே. சட்டகத்தில் வெடிப்பு இருந்தால்? சாயாத வண்டியாதலின், வளைவுகளில் பக்கவாட்டு விசை முழுவதும் சக்கரங்களின் கம்பிகளையும் சட்டகத்தின் பற்றுவாய்களையும் நேரே தாக்குகிறது. பக்கவண்டியைப் பிணைக்கும் இடங்கள் பெரும்பாலும் நான்கு: கீழே இரண்டு, மேலே இரண்டு. இவற்றுள் ஒன்று ஓடும்போது விட்டுப்போனால் பெரும் இன்னலுக்கு ஆளாகிறவர் பக்கவண்டியில் இருப்பவர். அவர் கையில் கைப்பிடியும் இல்லை, தடையும் இல்லை. பழைய சாயத்தைச் சுரண்டாமல் அதன்மேல் புதுச் சாயம் பூசி, முலாம் ஏற்றி, கண்ணாடிபோல் மின்னச் செய்து விற்பவர்கள் உளர். அந்தப் பளபளப்பு என்னைக் கவர்வதில்லை. சாயம் முழுவதையும் நீக்கி, பற்றவைத்த இடம் ஒவ்வொன்றையும் உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்த பின்பே தூரிகையைத் தொட வேண்டும்.

அடுத்தது நேர்பிடித்தல். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. நேரான இரண்டு மரச்சட்டங்கள், நூல், கொத்தனாரின் தூக்குக்குண்டு ஆகியவை போதும். மோட்டார் சைக்கிளின் இரு சக்கரங்களையும் ஒட்டி ஒரு சட்டத்தையும், பக்கவண்டிச் சக்கரத்தை ஒட்டி மற்றொன்றையும் தரையில் கிடத்துங்கள். அவை இணைகோடுகளாக இருத்தல் கூடாது. முன்பக்கத்து இடைவெளி பின்பக்கத்தைவிட ஏறத்தாழ 12 முதல் 20 மில்லிமீட்டர் குறைந்திருக்க வேண்டும். அப்போது பக்கவண்டிச் சக்கரம் சற்று உள்நோக்கி ஓட முயன்று, வாகனத்தின் இடப்புற இழுப்பை ஈடு செய்யும். அளவு மிகுந்தால் டயர் தரையில் உராய்ந்து விரைவில் தேயும். குறைந்தால் வண்டி ஓயாது இடப்புறம் இழுக்கும். பிறகு தூக்குக்குண்டைப் பிடித்து, மோட்டார் சைக்கிளின் தலைப்பகுதி பக்கவண்டிக்கு எதிர்ப்புறமாக மிகச் சிறிது சாய்ந்திருக்குமாறு மேல்தண்டுகளைத் திருக வேண்டும். ஓட்டுநர் ஏறி அமர்ந்ததும் அது ஏறக்குறைய நிமிர்ந்துவிடும். இன்னுமொன்று: பக்கவண்டிச் சக்கரம் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்திற்குச் சற்று முன்னே இருக்க வேண்டும். வலப்புறம் திரும்புகையில் வாகனம் முன்னே கவிழாமல் இருக்க இது உதவும்.

இனி ஒரு சிறு கணக்கு. பழைய வழக்கம் என்னை விடாது, பொறுத்தருள்க. மோட்டார் சைக்கிளும் ஓட்டுநரும் சேர்ந்து 235 கிலோகிராம் எனக் கொள்வோம். அவற்றின் எடை மோட்டார் சைக்கிளின் நடுக்கோட்டில் தங்குகிறது. பக்கவண்டி 75 கிலோகிராம். அதன் எடை அக்கோட்டிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளித் தங்குகிறது. 75-ஐ 80-ஆல் பெருக்கி, மொத்த எடையாகிய 310-ஆல் வகுத்தால், வாகனத்தின் ஈர்ப்பு மையம் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் தள்ளி அமைவது தெரியும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 75 சென்டிமீட்டர் தொலைவில் பக்கவண்டியில் அமர்ந்தால் அது 28 சென்டிமீட்டர் ஆகும். அவரே இருக்கையைவிட்டு எழுந்து, இடப்புறம் வெளியே தொங்கி, 130 சென்டிமீட்டர் தொலைவுக்குத் தம் உடலைக் கொண்டு சென்றால் 37 சென்டிமீட்டர் ஆகும்.

மையத்தின் உயரம் 50 சென்டிமீட்டர் என்றும், இடப்புற வளைவின் ஆரம் 30 மீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மையவிலக்கு விசைக்கு எதிராக இவ்வாகனம் கவிழாமல் செல்லத்தக்க எல்லை, வெறும் பக்கவண்டியோடு மணிக்கு 38 கிலோமீட்டர்; ஆள் அமர்ந்திருந்தால் 46-க்குச் சற்று மேல்; ஆள் வெளியே தொங்கினால் 53. எஞ்சினில் ஒரு திருகாணியையும் தொடாமல், ஒரு மனிதர் தம் உடலை அரை மீட்டருக்குச் சற்று மிகுதியாக நகர்த்தியதனால் கிடைத்த வேகம் இது! வெறும் பக்கவண்டியோடு புறப்படுவோர் அதில் மணல்மூட்டை ஒன்றை வைத்துக்கொள்ளும் வழக்கத்தின் காரணமும் இக்கணக்கிலேயே விளங்கும்.

பந்தயத்தில் அந்த மனிதரைப் பயணி என்று அழைக்கிறார்கள். பொருந்தாத பெயர். பயணி என்பவர் அமர்ந்திருப்பவர்; இவர் ஒரு கணமும் அமர்வதில்லை. இடப்புற வளைவில் வெளியே தொங்குகிறார். வலப்புற வளைவு வருமுன் பாய்ந்து வந்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே கவிந்து பின்சக்கரத்தை அழுத்துகிறார். நேர்ச்சாலையில் காற்றுத் தடையைக் குறைக்கப் பலகைமேல் ஒடுங்குகிறார். அடுத்த வளைவு எதுவென்று இருவரும் பேசிக்கொள்ள நேரம் கிடையாது. ஒருவர் கணநேரம் பிந்தினாலும் இருவரும் மண்ணில் கிடப்பர்.

திருப்புட்குழியை அடுத்த காஞ்சிபுரத்துத் தறிகளைக் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமான கோர்வைச் சேலையை ஒருவர் தனியே நெய்வது வழக்கமில்லை. நெசவாளர் உடலின் நாடாவையும் ஒரு கரையின் நாடாவையும் செலுத்துவார். மறு கரையின் நாடாவைப் பக்கத்தில் அமர்ந்த துணையாள் செலுத்துவார். இருவர் கையும் ஒரே தாளத்தில் ஓடாவிட்டால் உடலும் கரையும் கோத்துக்கொள்ளா. சேலையைப் புகழ்வோர் நெய்தவரின் பெயரைக் கேட்பதுண்டு. துணையாளின் பெயரைக் கேட்டவரை நான் கண்டதில்லை.

பக்கவண்டிப் பந்தய வரலாறு இவ்வகையில் ஓரளவு நேர்மையானது. அது துணைவரின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறது. ஐரிஷ் கடலில் உள்ள மான் தீவில் 1923-இல் முதல் பக்கவண்டிப் பந்தயம் நடந்தது. பிரெடி டிக்சன் வென்றார். அவருடைய பக்கவண்டி சாயத்தக்கது. வளைவுகளில் அதன் சக்கரத்தை நெம்புகோலால் உயர்த்தியும் தாழ்த்தியும் வந்தவர் துணைவரான டென்னி. உலகப் பட்டப் போட்டி 1949-இல் தொடங்கியபோது நார்ட்டன் வண்டியில் எரிக் ஆலிவர் முதற் பட்டம் பெற்றார். அவருடைய துணைவர் டெனிஸ் ஜென்கின்சன். இந்த ஜென்கின்சன்தான் 1955-இல் இத்தாலியின் ஆயிரம் மைல் பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய காரில் வழிகாட்டியாக அமர்ந்து, அவரோடு வெற்றி கண்டவர். ஆலிவர் நான்கு முறை உலகப் பட்டம் பெற்றார்; அந்நான்கிலும் அவருக்கு வாய்த்த துணைவர்கள் மூவர். 1954-இல் இங்கே ஸ்டோல் என்னும் பெண்மணி மான் தீவுப் பந்தயத்தில் துணைவராகப் பங்கேற்று, அங்கு அவ்வாறு பங்கேற்ற முதல் பெண் ஆனார்.

அதே 1954 முதல் 1974 வரையிலான 21 ஆண்டுகளில், இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, உலகப் பட்டம் பி.எம்.டபிள்யூ. எஞ்சின் பூட்டிய வண்டிகளுக்கே சென்றது. அந்த எஞ்சினின் சிலிண்டர்கள் நிமிர்ந்து நில்லாமல் இருபுறமும் படுத்திருக்கும். எனவே எடை தாழ்வில் தங்கும். முன்பு செய்த கணக்கில் உயரத்தை 50-க்குப் பதிலாக 40 என்று வைத்துப் பாருங்கள். காரணம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நம் தமிழகத்திலும் மோட்டார் பந்தயத்திற்கு நீண்ட மரபு உண்டு. 1953-இல் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைந்த சோழவரம் விமான ஓடுபாதை, போருக்குப் பின் பந்தயக் களமாகிப் பல ஆண்டுகள் பெருங்கூட்டத்தை ஈர்த்தது. பின்னர் கழகம் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு தடம் அமைத்தது. 1990-இல் அது பயனுக்கு வந்தது. திருப்புட்குழியை ஒட்டிச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே கிழக்கு நோக்கிச் சென்றால், ஸ்ரீபெரும்புதூரைக் கடந்ததும் அதனை அடையலாம். நெடுஞ்சாலை அருகில் இருக்கிறதே என்று அதிலேயே வேகத்தைச் சோதிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொதுச் சாலையில் வேகப்பந்தயம் நடத்துவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம்.

பழைய வண்டிகளுக்கென்று 2021-இல் மத்திய அரசு தனி விதிகளை வகுத்தது. 50 ஆண்டுகளைக் கடந்து, மூல உருவம் மாறாதிருப்பவை தொன்மை வாகனங்களாகப் பதிவு பெறலாம். அவற்றின் பதிவெண்ணில் மாநிலக் குறியை அடுத்து ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம். கண்காட்சிக்கும் தொன்மை வாகன அணிவகுப்புக்கும் அவற்றைச் சாலையில் கொண்டு செல்லலாம். நாள்தோறும் கடைத்தெருவுக்கு ஓட்டிச் செல்ல இயலாது. சட்டகத்தை வெட்டி ஒட்டி உருவத்தை மாற்றியவர்கள் இவ்விதியின் பயனைப் பெறுவது அரிது.

செப்பனிட்டு முடிந்த வண்டியை முதல் நாளே தடத்தில் ஏற்றலாகாது. அறுவடை முடிந்த வயலோ, ஆளில்லாத திடலோ போதும். பக்கவண்டியில் ஆளை ஏற்றாமல் 60 கிலோகிராம் மணல்மூட்டையைக் கட்டி, முதலில் வலப்புறமாக வட்டமிட வேண்டும். கை பழகிய பின் இடப்புறமாக, மிக மெதுவாக. ஐம்பது வட்டங்கள் முடிந்ததும் வண்டியை நிறுத்தி, நான்கு பற்றுவாய்களின் திருகாணிகளையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். ஒன்றேனும் தளர்ந்திருந்தால் அன்றைக்கு மணல்மூட்டையே பயணம் செய்யட்டும்.