சாவி யார் கையில்?

ரயில்வே சிக்னல் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, போபோடியில் இருக்கிறேன். காலையில் முளா நதிப் பக்கம் நடை, மாலையில் மகனோடு வாதம் என்று பொழுது போகிறது. சென்ற மாதம் வாதம் 'கிரிப்டோ' நாணயத்தைப் பற்றி வந்தது.

மகன் தன் கைபேசியில் ஒரு வாலட்டைத் திறந்து காட்டினான். பணப்பை என்று பெயரே தவிர, உள்ளே பணம் இல்லை. பணத்தை எடுக்கும் ரகசியச் சாவிதான் இருக்கிறது. கைபேசி தொலைந்தால் சாவியை மீட்க 12 அல்லது 24 சொற்கள் தருகிறார்கள். வரிசை மாறாமல் எழுதி வைக்க வேண்டும். தாள் தொலைந்தால் பணம் போயிற்று. பிறர் கண்ணில் பட்டாலும் போயிற்று. முறையிட மேலாளர் யாரும் இல்லை.

"இந்த வார்த்தையெல்லாம் தமிழிலே கொடுப்பானாடா?" என்றார் உடனிருந்த என் அக்கா.

"இல்லை அத்தை" என்றான் மகன். 2013-இல் வகுத்த முறைப்படி, மொழிக்கு 2048 சொற்கள் கொண்ட பட்டியல்கள் உள்ளன. ஆங்கிலம், ஜப்பான், கொரிய, சீன, பிரெஞ்சு, செக் மொழிகளுக்கெல்லாம் இடம் உண்டு. தமிழ் மட்டுமல்ல, எந்த இந்திய மொழியும் அதில் இல்லை.

கிரிப்டோ நமக்கு எதற்கு என்பீர்கள். நானும் வாங்கச் சொல்லவில்லை. அது நம் நாட்டில் சட்டப்படியான நாணயம் அல்ல. 2022 ஏப்ரல் முதல் அதன் லாபத்துக்கு 30 சதவீத வரியும் உண்டு. ஆனால் அக்கா கேட்ட கேள்வி எல்லா வாலட்டுக்கும் பொருந்தும். ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1-இல் பொதுமக்களிடையே சோதனை முறையில் தொடங்கிய டிஜிட்டல் ரூபாய்க்கும் வாலட்தானே வேண்டும்?

அக்காவுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும்; பார்வையும் மங்கல். மருந்துக் கடைப் பையனிடம் கைபேசியைக் கொடுத்து, ரகசிய எண்ணையும் சொல்லிவிடுவார். ஒருநாள் 200 ரூபாய்க்கு 2000 போய்விட்டது. பையன் நல்லவன், மறுநாளே வீடு தேடி வந்து திருப்பிக் கொடுத்தான். ஆனாலும் அன்றோடு அக்கா கைபேசியில் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டார். தானே திறக்க முடியாத பூட்டுக்கு, சாவியைப் பிறரிடம் கொடுக்கத்தானே வேண்டியிருக்கிறது? பிறகு பாதுகாப்பு ஏது?

ரயில்வேயில் இதற்கு வழி கண்டிருந்தோம். பழைய கைகாட்டி பகலில் கை சாய்ந்து சொல்லும். இரவில் விளக்கு சொல்லும். பனிமூட்டத்தில் இரண்டும் தெரியாதபோது தண்டவாளத்தில் பட்டாசு வைப்போம்; சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரின் காதுக்குச் சொல்லும். ஒரே செய்திக்கு மூன்று வழி! அத்தனைக்கும் டிரைவருக்குக் கண் பரிசோதனை உண்டு. பணம் செலுத்துபவருக்கு அப்படிப் பரிசோதனை வைக்க முடியுமா?

2022 மார்ச்சில் வந்த யுபிஐ 123பே, பட்டன் கைபேசியிலும் இணையமின்றிக் குரல் வழியே பணம் அனுப்ப வழி செய்தது. கணக்கு தொடங்கக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். அமில வீச்சில் இமை பாதிக்கப்பட்டவர் எப்படிச் சிமிட்டுவார்? அத்தகையவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் சேவைகளைப் பெறுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பளித்தது.

இன்னும் ஒரு குறை. வந்த தொகையைக் கடைக்காரருக்கு ஒலிப்பெட்டி உரக்கச் சொல்கிறது. கொடுப்பவருக்கோ, அனுப்பும் முன் "இருநூறு ரூபாய், சரிதானா?" என்று தமிழில் கேட்க ஒரு குரல் வேண்டாமா? வாலட் செய்யும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்கட்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது உண்டு. வீட்டுப் பெரியவர்களின் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழாக்கி, திரையைப் படித்துக் காட்டும் வசதியையும் சொல்லிக் கொடுங்கள். எல்லாம் கைபேசியிலேயே இருக்கிறது, செலவில்லை. அக்காவுக்கு மகன் செய்து கொடுத்தான். சென்ற வாரம் காய்கறிக்காரரிடம் 40 ரூபாயைத் தானே செலுத்திவிட்டு வந்தார். ரகசிய எண்ணை இப்போது என்னிடம்கூடச் சொல்வதில்லை!